அடிவாரத்துக்கு ஏறும் வழி

(வாசகர் மன்றம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எவரெஸ்ட் சிகரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றத்தார் என்னைக் கேட்டபோது, சிகரத்தைப் பற்றிப் பேச எனக்கு யாதொரு யோக்கியதையும் கிடையாது, அதன் அடிவார முகாம் வரையில் நடந்துபோய்த் திரும்பியவன் என்ற அளவில், அந்த வழியைப் பற்றி வேண்டுமானால் சில வார்த்தைகள் சொல்லுகிறேன் என்று தெரிவித்துக்கொண்டேன். அவர்களும் பெருந்தன்மையோடு இசைந்தார்கள். அடிவாரம் என்ற சொல்லைக் கேட்டுச் சமதரை ஒன்றை யாரும் மனத்தில் கற்பித்துக்கொள்ள வேண்டாம். நேபாளத்தின் கும்பு பிரதேசத்தில், பனியாற்றின் மேல் கூடாரம் அடித்துத் தங்கும் அந்த ஸ்தலம் கடல் மட்டத்துக்கு மேல் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்முடைய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஒரு தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அந்த அடிவாரத்தை எட்டாது. அங்கே போய்ச் சேர மனிதனுக்கு வேண்டிய மூலதனம் பலமும் அன்று, பணமும் அன்று; நாட்கள்தாம். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே; மற்றதெல்லாம் அதற்கு வியாக்கியானம்.

இந்தச் சென்னை நகரத்தில் நின்றுகொண்டு எவரெஸ்டைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு ஒரு பாத்தியதையும் உண்டு. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் தினந்தோறும் நம் கண்ணில் படுகிறதே பரங்கிமலை, அதன் அருகில்தான் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின் மேல் மற்றொரு முக்கோணம் என்று பாரத தேசம் முழுவதையும் வலை போட்டு அளந்த அந்த மாபெரும் பணியில், அரை டன் எடையுள்ள கோணமானியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்ததும், லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் அடைந்துகிடந்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டதும் நம் மாகாணத்துக் கதைகளே. அரை நூற்றாண்டு கழித்து அந்த முக்கோணங்கள் இமயத்தின் அருகே சென்று சேர்ந்தன. நேபாளத்துக்குள் அந்நியர் நுழைய அனுமதியில்லாத காலமாகையால், நூறு மைலுக்கு அப்பால் சமவெளியில் நின்று பார்த்த அளவுகளை வைத்துக்கொண்டு, வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தார் 1852-இல், பதினைந்தாம் எண் இட்டிருந்த சிகரமே உலகத்தில் உயர்ந்தது என்று கணக்கிட்டார். 1856-இல் அளவை இலாகாவார் வெளியிட்ட உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனமும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 9 மீட்டர்! அவசரப்படாமல் செய்த வேலைக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தச் சிகரத்துக்கு, அதைக் கணக்கிட்டவருடைய பெயரை வைக்காமல், ஓய்வு பெற்றுச் சென்றுவிட்ட தலைமை அளவையாளரின் பெயரை 1865-இல் வைத்ததைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. தலைவர் மணி அடிப்பாரென்று அஞ்சி அதை விட்டுவிடுகிறேன்.

வழி திறந்த வரலாற்றுக்கு வருவோம். 1920-களில் ஆங்கிலேயர் எவரெஸ்டை அணுகியதெல்லாம் திபெத்தின் பக்கமாக, வடக்கிலிருந்துதான். தெற்கே நேபாளத்தின் கதவு திறந்த பிறகு, 1950-இல், ஆஸ்கர் ஹூஸ்டன் என்ற அமெரிக்கர் ஒரு சிறு கூட்டத்தோடு கும்பு பிரதேசத்துக்குள் நடந்து சென்றார். அவருடைய புதல்வரும் வைத்தியருமான சார்லஸ் ஹூஸ்டன், ஆங்கிலேய மலையேறியான டில்மன், பெட்ஸி கௌல்ஸ் என்ற அம்மையார் முதலியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். டில்மனும் இளைய ஹூஸ்டனும் மட்டும் பனியாற்றின் ஓரமாக மேலே சென்று, காலாபத்தர் என்று இன்று எல்லோரும் ஏறிப் பார்க்கும் கருங்குன்றின் சரிவில் ஏறி எவரெஸ்டைத் தரிசித்துத் திரும்பினார்கள். இந்த ஹூஸ்டன் என்ற பெயரைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1953 மே 29-ஆம் தேதி, ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியை அடைந்த கதையை நான் விரிக்கத் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்லுவது, அந்தப் பெருங்கூட்டம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து தியாங்போச்சே மடாலம் வரையில் இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தது என்பதையும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் உடனே மலைமேல் பாயாமல், அக்கம்பக்கத்துக் குன்றுகளில் ஏறுவதும் இறங்குவதுமாகச் சில வாரங்களைச் செலவிட்டது என்பதையுமே. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஏறி இறங்கி, அவர்கள் நடந்த அந்த நடை வீண் நடையன்று. சரீரம் உயரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் பாடசாலை அது.

அந்தப் பாடசாலையை ஒரே நாளில் மூடிவிட்டது 1964-இல் லுக்லாவில் அமைந்த விமானத் தளம். அதை அமைத்தவரும் ஹில்லாரியே. உச்சியை அடைந்த புகழோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடாமல், ஷெர்ப்பா ஜனங்களுக்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்கவென்று 1961-இல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளிக்கூடமும், 1966-இல் குண்டே கிராமத்தில் வைத்தியசாலையும் எழுப்பிய அந்த உத்தமர், கட்டடச் சாமான்கள் வந்து இறங்குவதற்காகவே ஒரு தளம் தேடினார். தரை மெத்தென்று இருந்தபடியால், ஷெர்ப்பாக்களுக்கு மது வார்த்து, கால்களை ஓங்கி மிதிக்கும் அவர்களுடைய நடனத்தை ஆடவைத்து மண்ணை இறுக்கினார் என்று ஒரு கதை சொல்லுவதுண்டு. உண்மையோ பொய்யோ, ரஸமான கதை. இன்று அது தாரிட்ட தளம். நீளம் 527 மீட்டர். தளமே சரிவாக ஏறிச் செல்லும். மேல் முனையில் மலைச்சுவர், கீழ் முனையில் பாதாளம். சாமான்களுக்காகத் திறந்த வழியில் சகல தேசத்து ஜனங்களும் வந்து குவிந்தார்கள். ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வு பெற்ற கூர்க்கா படை அதிகாரி, மலைவழி நடையை ஒரு தொழிலாகவே காத்மாண்டுவில் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். ஆக, இரண்டு வார நடையாக இருந்தது இப்போது அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆகாயப் பிரயாணமாகிவிட்டது. காலையில் காத்மாண்டுவின் 1,400 மீட்டரில் தேநீர் அருந்தியவன், மேகம் அனுமதித்தால், வெயில் ஏறுமுன் 2,860 மீட்டரில் நிற்கிறான். அவனுடைய பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, அவனும் வந்துவிட்டான், அவனுடைய ரத்தம் மட்டும் இன்னும் சமவெளியில்தான் இருக்கிறது.

இங்கே சற்று நிதானித்து, உயரம் மனித சரீரத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். இதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்லுகிறோம். மெரினாவின் மணலிலும் எவரெஸ்டின் உச்சியிலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 21 என்பதில் மாற்றமே இல்லை. குறைவது காற்றின் அழுத்தம். அடிவார முகாமில் அது கடற்கரையில் உள்ள அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறபடியால், ஒவ்வொரு மூச்சிலும் நாம் உள்ளே வாங்கும் பிராணவாயுவும் பாதியாகிவிடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீடுதோறும் வந்து சேர்ந்த, விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் அந்தச் சிறு கருவியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இங்கே 97, 98 என்று காட்டி நம்மை நிம்மதியாக உறங்கவிட்ட அந்தக் கருவி, அங்கே ஆரோக்கியமாக நடமாடும் மனிதன் விரலிலேயே 80-க்கும் 85-க்கும் இடையில் நின்றுகொண்டு கண் சிமிட்டும்.

வருமானம் திடீரென்று பாதியாகிவிட்ட குடும்பம் முதலில் திகைத்து, பிறகு அங்கே இங்கே கடன் வாங்கி, கடைசியாகச் செலவையே மாற்றி அமைத்துக்கொண்டு நிமிர்வதைப் போலத்தான் சரீரமும் செய்கிறது. முதலில் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடுகிறது; நாடி துடிக்கிறது. மூச்சு மிகுந்தால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. காரம் மிகுந்தவுடன் மூளை, மூச்சைக் குறை என்று கட்டளையிடுகிறது. இந்த இழுபறியினால்தான் இரவில் நித்திரையில் மூச்சு மெல்ல மெல்லத் தணிந்து, சில விநாடி நின்றேபோய், பிறகு பெருமூச்சோடு மறுபடியும் தொடங்குகிறது. பக்கத்துப் படுக்கையில் விழித்திருப்பவனுக்கு அதைக் கேட்பது மகா பயங்கரமான அநுபவம். ஆனால் அதில் பெரும்பாலும் அபாயமில்லை. சிறுநீரகங்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக அந்தக் காரத்தை வெளியேற்றி வழக்கைத் தீர்த்துவைக்கின்றன. அதற்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பு அணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் வேண்டும். இவற்றில் எதையும் ரூபாய் கொடுத்து விரைவுபடுத்த முடியாது. வேகமாக ஓடிப் பழகியவன், மல்யுத்தம் செய்தவன், தினமும் நூறு தண்டால் எடுப்பவன் என்று சரீரம் யாருக்கும் சலுகை காட்டுவதுமில்லை. சொல்லப்போனால் பலசாலிகளே அதிகமாக அகப்பட்டுக்கொள்கிறார்கள். நடக்கக் கால் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நடக்கக்கூடாத தூரத்தை நடந்துவிடுகிறார்கள்.

மனிதன் இந்த உண்மையை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையைக் கடந்த அகோஸ்டா என்ற ஸ்பானியப் பாதிரியார், தமக்கும் உடன் வந்தவர்களுக்கும் நேர்ந்த வாந்தியையும் வேதனையையும் 1590-இல் வெளிவந்த தம் நூலில் வர்ணித்து, அங்குள்ள காற்று மனிதனுடைய சுவாசத்துக்குப் பொருந்தாத அளவுக்கு மெல்லியது என்று ஊகித்தார். மூன்று நூற்றாண்டுகள் சென்றபின், 1875-இல் பிரான்சில் மூவர் ‘ஜெனித்’ என்ற ராட்சதப் பலூனில் ஏறி 8,000 மீட்டருக்கு மேல் சென்றார்கள். பிராணவாயு நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஆயினும் வேண்டிய தருணத்தில் கை எழவில்லை. பலூன் கீழே இறங்கியபோது இருவர் பிணமாக இருந்தார்கள். திசாந்தியே என்பவர் மட்டும் பிழைத்தார், செவிப்புலனை இழந்தவராக. மேலே இருந்தபோது தமக்குத் துன்பமே தோன்றவில்லை, ஒருவகை ஆனந்தமே தோன்றியது என்று அவர் பிற்பாடு எழுதியிருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பிராணவாயு குறைந்தால் முதலில் கெடுவது, அது குறைந்துவிட்டது என்று அறியும் புத்தியே. ஆகையினால்தான் உயரத்தில் அவரவர் சொந்த யோசனையை நம்பாமல், முன்னதாகவே வகுத்துக்கொண்ட விதியை நம்பவேண்டியிருக்கிறது. பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பிராணவாயுவின் அழுத்தக் குறைவே இந்த நோய்க்குக் காரணம் என்பதை 1878-இல் ஒரு பெரிய நூலால் நிலைநாட்டினார்.

நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன சார்லஸ் ஹூஸ்டன் இங்கேதான் திரும்ப வருகிறார். உயரத்தில் திடகாத்திரமான வாலிபர்கள் நெஞ்சில் நீர் கோத்து இறந்துபோவதை நிமோனியா என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் கருதிவந்தார்கள். அது தொற்றுநோயன்று, உயரமே நுரையீரலில் நீர் கோக்கச் செய்கிறது என்பதை 1960-இல் ஆங்கில வைத்திய உலகத்துக்கு எடுத்துக் காட்டினார் ஹூஸ்டன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1962-இன் சீன யுத்தத்தில், நம்முடைய ஜவான்கள், சமவெளியிலிருந்து விமானங்களிலும் லாரிகளிலும் ஏற்றப்பட்டு, பழக்கமே இல்லாத பனிமலை எல்லைக்குத் திடீரென்று அனுப்பப்பட்டு, நோயில் விழுந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து விளைந்த ஞானமும் உண்டு. இந்தர் சிங் என்ற ராணுவ வைத்தியரும் அவருடைய சகாக்களும் உயர நோயால் பீடிக்கப்பட்ட 1,925 படைவீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் உலகத்து மலை வைத்தியர்கள் எடுத்தாளும் பிரமாணமாக இருக்கிறது. நாம் யுத்தத்தில் பட்ட அடிகளைப் பேசுவோம், இதைப் பேசுவாரில்லை.

அந்த ஞானத்தின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரத்துக்குச் சென்ற பிறகு தலைவலியும், அதனோடு குமட்டலோ, அயர்வோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் அது மலைநோய்தான். வேறு காரணம் தேடக்கூடாது. அந்த நிலையில் நின்ற இடத்திலேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதைப் பொருட்படுத்தாமல் ஏறினால், நுரையீரலில் நீர் கோத்து இருக்கும்போதே மூச்சு வாங்கும். அல்லது மூளை வீங்கி நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். அதன்பின் ஒரே மருந்து கீழே இறங்குவது, இரவானாலும் மழையானாலும் உடனே இறங்குவது. 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் இரவு படுக்கும் இடம் முந்தின இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேலே நகராமல் தங்கவேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. பகலில் உயரமாக ஏறி, இரவில் தாழ்வாக வந்து படுப்பது உத்தமம். டயாமாக்ஸ் என்ற மாத்திரை, சிறுநீரகங்கள் செய்யும் வேலையைச் சற்றுத் துரிதப்படுத்துமே தவிர, மேலே சொன்ன விதியிலிருந்து யாருக்கும் விலக்கு வாங்கித் தராது. அதையும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும். பெரிச்சே என்ற கிராமத்தில் ஹிமாலய மீட்புச் சங்கத்தார் 1973 முதல் நடத்திவரும் சிறு வைத்தியசாலையில், யாத்திரைக் காலம் முழுவதும் வைத்தியர்கள் தங்கியிருந்து, வழிப்போக்கர்களைக் கூட்டிவைத்து இதே விஷயத்தைப் பிரசங்கம் செய்கிறார்கள். கேட்டுக்கொண்டு தலையசைப்பவர்களில் பாதிப்பேருக்கு அப்போதே தலை வலித்துக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

லொபுசேயில், ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தில், நான் தங்கிய விடுதியில் ஒரு வாலிபர் இருந்தார். வட இந்தியர், நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் ஓடியவர், வரும் வழியெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனவர். அன்று மாலை அவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவருடைய வழிகாட்டி, வயதில் மூத்த ஒரு ஷெர்ப்பா, தரையில் ஒரு பலகையின் விளிம்பைக் காட்டி, ‘பாபு, இதன் வழியே குதிகாலும் பெருவிரலும் தொட நடந்து காட்டு’ என்றார். வாலிபர் சிரித்துக்கொண்டே தொடங்கி நான்காவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குள் சரியாகிவிடும் என்றும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு நாள் நடைக்காகத் திரும்புவதா என்றும், செலவழித்த பணம் இவ்வளவு என்றும் அவர் பலவாறாக வாதித்தார். வழிகாட்டி ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. வாலிபருடைய மூட்டையைக் கட்டினார், விளக்கை ஏற்றினார், அவருடைய கையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு அந்த இருட்டிலேயே கீழே அழைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பும் வழியில் அந்த வாலிபரைப் பெரிச்சேயில் கண்டோம். வெயிலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, உயிரும் இருந்தது.

வழியின் அழகைச் சொல்லாமல் நோயை மட்டும் சொல்லி உங்களை அச்சுறுத்துகிறேனே என்று எண்ணவேண்டாம். லுக்லாவிலிருந்து தூத்கோசி நதியின் ஓரமாக, பைன் மரக்காட்டின் ஊடே, ஆடும் தொங்குபாலங்களின் மேல் செல்லும் அந்தப் பாதையில், மந்திரம் பொறித்த மணிக்கற்கள் குவித்த சுவர்களை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்பது பௌத்த ஆசாரம். கோயிலைப் பிரதட்சிணம் செய்து பழகிய நமக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுமை ஏற்றிய காளைகள் எதிர்ப்பட்டால் மலைப்பக்கமாக ஒதுங்கவேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒதுங்கக்கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். நாம்சே பஜார் 3,440 மீட்டரில், குதிரைலாட வடிவமான ஒரு மலைக்குடைவில் படிப்படியாக அமைந்த ஊர். அங்கே சனிக்கிழமைச் சந்தை பிரசித்தம். முதல் ஓய்வு நாள் அங்கேதான். அதற்கு மேலே தியாங்போச்சே. 1916-இல் நிறுவப்பட்டு, 1934-இன் பூகம்பத்தில் இடிந்து, எழுந்து, 1989-இல் தீக்கிரையாகி, மறுபடியும் எழுந்த மடாலம் அது. அதன் முற்றத்தில் நின்று ஆமா தப்லாம் சிகரத்தை ஒரு தரம் பார்த்தவன், எவரெஸ்டைப் பற்றிச் சிறிது நேரம் மறந்துபோவான். என்னைக் கேட்டால் அந்த வழியின் அழகெல்லாம் அங்கே முடிந்துவிடுகிறது. திங்போச்சேயின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு மேல் மரம் என்பதே கிடையாது; கல்லும் காற்றும் தூசியுமே. அடுப்பில் எரிவது உலர்ந்த சாணம்.

ஆகாரத்தைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பருப்பும் சோறும் அங்கே எங்கும் கிடைக்கும். கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். அடிவாரத்தின் அருகில் தண்ணீர் 82, 83 டிகிரி உஷ்ணத்திலேயே கொதித்துவிடுகிறது; எவ்வளவு நேரம் தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே பருப்பு வேகவேண்டுமானால் பிரஷர் குக்கர் வேண்டும். விடுதிச் சமையலறைகளில் அதன் விசில் சத்தம் கேட்கும்போது நம் ஊர் நினைவு வரும். கும்பு பிரதேசத்தில் பிராணியை வதைப்பது மத ஆசாரத்துக்கு விரோதமாகையால், மாமிசம் கீழேயிருந்து நாட்கணக்கில் முதுகில் சுமந்து வருவது. புலால் உண்பவர்களும் அங்கே சைவராக இருப்பது வயிற்றுக்கு நல்லது.

முதுகில் சுமந்து வருவது என்றேன். அந்த முதுகைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரசங்கத்தை முடித்தால் நான் பெரும் பாவம் செய்தவனாவேன். அந்த மலையில் நாம் உண்ணும் அரிசி, படுக்கும் பலகை, மேலே போர்த்திக்கொள்ளும் கம்பளி எல்லாம் மனிதன் அல்லது மாடு சுமந்து வந்தவையே. டோகோ என்னும் மூங்கிற் கூடையில் சுமையை ஏற்றி, நாம்லோ என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி, கையில் தோக்மா என்னும் குறுங்கோலைப் பிடித்துக்கொண்டு சுமையாளர் நடக்கிறார்கள். நாம்சே சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் நூற்றுக்கு 93 பங்கு எடையைச் சுமக்கிறார்கள் என்று 2005-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. அவர்கள் இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்பதை வழியில் உட்கார்ந்து பார்த்தாலே விளங்கும். மிக மெல்ல நடக்கிறார்கள்; சிறிது தூரம் சென்றதும் கோலைச் சுமையின் அடியில் முட்டுக் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுகிறார்கள்; மறுபடியும் நடக்கிறார்கள்; சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரையில் இப்படியே. ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’, மெல்ல மெல்ல, என்று அவர்கள் நம்மைப் பார்த்துச் சொல்லுவது உபசார வார்த்தையன்று. தங்கள் தொழிலின் ரகசியத்தையே இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு தப்பெண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. மலைச்சாதியார் எல்லோரும் உயரத்துக்கென்றே பிறந்தவர்கள், அவர்களுக்குக் குளிரோ மூச்சுத் திணறலோ கிடையாது என்று எண்ணுகிறோம். திபெத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய ஷெர்ப்பாக்களுக்கு, தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்ததன் பயனாக, மெல்லிய காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறம் ரத்தத்திலேயே அமைந்திருக்கிறது என்பது மெய்தான்; விஞ்ஞானிகள் அதன் மரபணுவையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் யாத்ரீகர்களின் மூட்டையைச் சுமப்பவர்களில் மிகப்பலர் ஷெர்ப்பாக்கள் அல்லர். தாழ்ந்த குன்றுகளில் பயிர் செய்து பிழைக்கும் ராய், தமாங் முதலிய வகுப்பார் அவர்கள். உழவு ஓய்ந்த மாதங்களில் கூலிக்கு வருபவர்கள். அவர்களுடைய நுரையீரலும் நம்முடையதைப் போன்றதே. நமக்கு வரும் நோய் அவர்களுக்கும் வரும். நமக்கு வந்தால் ஹெலிகாப்டர் வரும். அவர்களுக்கு வந்தால், ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, நீ இறங்கிப் போ என்று தனியாக அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. அப்படித் தனியே இறங்கி வழியில் இறந்தவர்கள் உண்டு. பஞ்சு அடைத்த அங்கியும் உயர்ந்த பாதரக்ஷையும் அணிந்து நாம் நடக்கையில், நம் மூட்டையைச் சுமந்தவர் கிழிந்த கான்வாஸ் ஜோடோடு பனியில் நடப்பதைக் கண்டும் காணாததுபோல் சென்ற புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடியவர்கள் அல்லர். கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. சிகரத்தை நோக்கி ஏறுபவர்களின் கதையும் இதுதான். 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி கும்புப் பனிவீழ்ச்சியில் பனிப்பாளம் சரிந்து ஒரே காலையில் மாண்ட பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளரே. பிறருடைய முகாம்களுக்குச் சாமான் சுமந்துகொண்டிருந்தார்கள்.

துக்லா ஏற்றத்தின் உச்சியில், 4,800 மீட்டருக்கு மேல், அந்த மலையில் மாண்டவர்களின் நினைவாகக் கற்குவியல்களை எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கடந்து, கோரக் ஷெப்பையும் கடந்து, பனியாற்றின் சரளைக் கற்களின் மேல் தடுமாறி நடந்து, ஒரு வழியாக அடிவார முகாமை அடைந்தால், அங்கே நின்று எவரெஸ்டின் உச்சியைப் பார்க்க முடியாது! பக்கத்துத் தோள்மலை மறைத்துக்கொள்கிறது. இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானா என்று ஏமாந்து கேட்பவர்கள் உண்டு; உச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் டில்மனும் ஹூஸ்டனும் நின்று பார்த்த காலாபத்தருக்கு மறுநாள் விடியற்காலையில் ஏறவேண்டும். முகாம் என்பதும் நிலையான ஊரன்று; கீழே இருப்பது நகர்ந்துகொண்டும் உருகிக்கொண்டும் இருக்கும் பனிக்கட்டி. உருகுவது வரவர அதிகமாகிறபடியால், முகாமையே வேறிடத்துக்கு மாற்றலாமா என்று 2022-இல் நேபாள அரசாங்கத்தார் யோசித்தார்கள். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி பூகம்பத்தில் புமோரி மலையிலிருந்து பாய்ந்த பனிச்சரிவு அந்த முகாமின் நடுவே புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அப்படியானால் அங்கே ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திருக்கயிலையை நோக்கி நடந்த அப்பரடிகள், கால் தேய்ந்தபின் கையால் தாவி, கையும் சோர்ந்தபின் மார்பால் ஊர்ந்து, பிறகு புரண்டு சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவரைத் திருப்பி அனுப்பி, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தான் இறைவன். நமக்கு அந்தச் சலுகையும் இல்லை, அந்த வைராக்கியமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். கடிகாரத்தையும் கைப்பேசியையும் பார்த்தே காலம் கழிக்கும் ஒருவனை, அடுத்த அடியையும் அடுத்த மூச்சையும் தவிர வேறொன்றையும் நினையாமல் பகல் முழுவதும் நடக்கச் செய்யும் வேறு வழியை நான் கண்டதில்லை. அது உயர்ந்த சுகம். அவசரக்காரனுக்கு மட்டும் அது கிட்டாது. அவனுக்குக் கிட்டுவது தலைவலி.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் இளைஞர்களில் அந்த யாத்திரையை உத்தேசித்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விளம்பரங்களில் எந்த ஏற்பாட்டாளர் மிகக் குறைந்த நாட்களில் அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லுகிறாரோ அவரிடம் போகாதீர்கள். நாம்சேயில் ஒரு நாளும் திங்போச்சேயில் ஒரு நாளும் தங்க ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல், லுக்லாவின் மேகத்துக்கென்றும் உங்கள் சரீரத்துக்கென்றும் இரண்டு மூன்று நாட்களைத் தனியே ஒதுக்கிவையுங்கள். தலைவலியை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். உங்கள் மூட்டையைச் சுமப்பவருக்கு எத்தனை கிலோ, இரவில் அவர் எங்கே படுப்பார், அவருக்குக் கம்பளியும் ஜோடும் உண்டா, நோய்வாய்ப்பட்டால் துணை அனுப்பி இறக்குவீர்களா, அவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்விகளை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, எழுத்து மூலமாகக் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடிக்கொள்ளுங்கள். காத்மாண்டுவில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.